மாதிரிப் பொடியும் சமையலறை டின்னும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நன்றாக இருக்கிறேன். என் கடையில், என் கதிரையில் உட்கார்ந்து, என் கையாலேயே இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழையை மகள் சுமதி திருத்துவாள். நடந்ததை யாராலும் திருத்த முடியாது, அதை உள்ளபடி எழுதுகிறேன். அறுபது தாண்டிய ஆண்கள் இதை வாசிக்க வேண்டும். வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கண்டியை ஒட்டிய மஹய்யாவையில் ஒற்றை அறை வீட்டில் பிறந்தேன். அப்பா நகரசபையில் தெருக் கூட்டினார். பதின்மூன்று வயதில் கண்டி டவுனில் ஒரு மருந்துச் சரக்குக் கடைக்குச் சாக்குத் தூக்கப் போனேன். முப்பத்திரண்டு வயதில் அதே தெருவில் எனக்குச் சொந்தக் கடை. இன்று நாட்டு வைத்தியர்களே வேர் வாங்க என்னிடம் வருகிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டு மூக்கருகே ஒரு பட்டையைப் பிடியுங்கள். என்ன மரம், எத்தனை மாதம் காய்ந்தது, எவன் தண்ணீர் தெளித்து எடை கூட்டியிருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். இதைத் தற்பெருமை என்று மனைவி பாக்கியம் சொல்வாள். உள்ளதைச் சொல்வது எப்படித் தற்பெருமையாகும் என்று நான் கேட்பேன்.

அறுபத்தேழாவது வயதில் சிறுநீர் பிரச்சினை தொடங்கியது. போக வேண்டும் என்று ஓடுவேன், போய் நின்றால் வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாக வரும். ஒரு மணித்தியாலத்தில் மறுபடி ஓட்டம். கடையில் வாடிக்கையாளரை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினால் என்ன மரியாதை? சுமதிதான் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனாள்.

அந்தக் கிளினிக்கின் வாசலில் உட்கார நீளமான வாங்குகள். எல்லாவற்றிலும் என் வயது ஆண்கள், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலோடு. ஒரு மெஷின் இருக்கிறது. அதன் புனலுக்குள் சிறுநீர் விட்டால் வேகத்தைக் கோடாக வரைந்து தரும். அதற்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அதனால் எல்லோரும் குடித்துக் குடித்து, நிறைந்தவுடன் கையைத் தூக்கிக் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்காத நான் அங்கே தூக்கினேன்.

பக்கத்தில் இருந்தவர் என் பழைய வாடிக்கையாளர் ஹனீபா நானா. தெல்தெனியவில் புடவைக் கடை வைத்திருக்கிறார். எனக்கு ஒரு வயது மூத்தவர், ஆகவே எனக்கு 'நானா', அண்ணன்.

"ஆ, மொதலாளி! ஒங்களுக்கும் பைப்பு அடைச்சிட்டா?" என்றார் எல்லோருக்கும் கேட்க.

"மெதுவா பேசுங்க நானா."

"என்னத்துக்கு மெதுவா? இங்க ஈக்கிற எல்லாருக்கும் அதே பைப்புதானே!"

வாங்கு முழுவதும் சிரித்தது. சிரித்ததில் நாலைந்து பேர் அவசரமாகக் கையைத் தூக்கினார்கள்.

டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். முதல் நாளிலிருந்தே என்னை 'முதலாளி' என்றுதான் கூப்பிட்டார். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும், ஆகவே எங்களுக்குள் பேச்சில் தடை இருக்கவில்லை. அவர் விளக்கியதை என் பாணியில் சொல்கிறேன். மூத்திரப்பைக்குக் கீழே ஜாதிக்காய் அளவில் ஒரு சுரப்பி. அதுதான் புரஸ்டேட். அதன் நடுவால்தான் சிறுநீர்க் குழாய் வருகிறது. வயதாக ஆக அது வீங்கி, குழாயை நெரிக்கும். பெரும்பாலும் அது வெறும் வீக்கம்தான். சிலருக்கு மட்டும் அதற்குள் புற்றுநோய் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முதல் படி ஓர் இரத்தப் பரிசோதனை. அந்தச் சுரப்பி செய்கிற ஒரு புரதம் இரத்தத்துக்குள் கசியும். எவ்வளவு கசிகிறது என்று ஒரு நம்பர் வரும். பி.எஸ்.ஏ. என்பார்கள். நம்பர் கூடினால் சந்தேகம் கூடும்.

என் நம்பர் பன்னிரண்டு. ஹனீபா நானாவுக்கு ஒன்பது.

"ஊசி போட்டு சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார் டொக்டர். "பன்னிரண்டு இடத்தில்."

ஊசி எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். சொன்னார். எழுந்து நின்றுவிட்டேன்.

"மூன்று மாதம் தாங்க டொக்டர். கடையில் சீசன்" என்றேன். சீசன் எதுவும் இல்லை. என் மனதில் வேறு கணக்கு ஓடியது. ஐம்பத்து நாலு வருடம் மருந்துச் சரக்குக்குள்ளேயே கிடந்தவன் நான். ஊருக்கெல்லாம் சாமான் கொடுக்கிறவன் தனக்கு ஒரு பொடி இடித்துக்கொள்ள மாட்டானா? நம்பரை இறக்கிக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டு, பிறகு பொடியைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதனால் அன்று வாயைத் திறக்கவில்லை.

பொடியில் ஏழு சாமான். நெருஞ்சில், அதிமதுரம், சிறுபீளை, இன்னும் மூன்று. ஏழாவது ஒரு வேர். அதன் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் நாளைக்கே வாங்கப் போவீர்கள். அந்த வேர் நல்லதாகக் கிடைப்பது கஷ்டம். ஆகவே கொழும்பில் ஓர் இறக்குமதிக்காரரிடம் அதே வேரின் சத்துப்பொடி என்று டின்னில் வருவதை வாங்கிப் போட்டேன். திறந்து மோந்து பார்த்தேன். வேர் வாசம் சரியாக இருந்தது. நாக்கில் வைத்தேன், கசப்பும் சரி. போதும் என்று கலந்தேன்.

ஹனீபா நானா கேட்டார், விலைக்குக் கொடுத்தேன். அவர் மூலம் இன்னொருவர், அவர் மூலம் இன்னும் இருவர். மூன்று மாதத்துக்குள் பதினான்கு பேர் என் பொடியைக் குடித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். என் நம்பர் இரண்டு.

டொக்டர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். "டொக்டர், இப்போது சொல்கிறேன்" என்று தொடங்கிப் பொடியின் கதையை முழுக்கச் சொன்னேன். கைதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

"முதலாளி, இது சந்தோஷப்பட வேண்டிய நம்பரா, பயப்பட வேண்டிய நம்பரா என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். "நோய் இல்லாததால் நம்பர் இறங்கியிருக்கலாம். நோய் இருக்கும்போதே உங்கள் பொடி நம்பரை மட்டும் இறக்கியிருக்கலாம். இரண்டாவது என்றால், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்போம், அது உள்ளே வளரும்."

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளை இதைத்தான் ஆராய்கிறாள், நோயாளிகள் குடிக்கிற மூலிகைப் பொடிகளும் குளிசைகளும் புரஸ்டேட் செல்களை என்ன செய்கின்றன என்று பார்க்கிறாள் என்றார். வாரத்தில் ஒரு நாள் அவள் கிளினிக்குக்கே வந்து மூலையில் ஒரு மேசை போட்டு உட்காருவாளாம். துண்டு எழுதிக் கொடுத்தார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. என் பொடி ஆய்வுகூடத்துக்குப் போகிறது! தெருவில் இரண்டு பக்கத்துக் கடைகளுக்கும் அன்று பின்னேரமே செய்தி போய்விட்டது. நான்தான் போய்ச் சொன்னேன்.

அவள் கிளினிக்குக்கு வரும் நாள்வரை பொறுக்காமல் நானே ஆய்வுகூடத்துக்குப் போனேன், பாக்கியமும் என்னோடு வந்தாள். அந்தப் பிள்ளையின் பெயர் கௌரி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மெலிந்த உருவம், குரல் மட்டும் உறுதி. என் பொடியை வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, நீங்கள் தினமும் குடிக்கிறது இதுதானே?"

"ஓமோம், இதேதான்" என்றேன்.

பக்கத்தில் பாக்கியம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கௌரி எங்களுக்குச் செல்களைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் குப்பி, அதற்குள் ரோஸ் நிறத் தண்ணீர். வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தால் முட்டை முட்டையாக, கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கிடந்தன. புரஸ்டேட் புற்றுநோய்ச் செல்களாம். வெளிநாட்டில் எப்போதோ ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, வளர்த்து, பிரித்து, மறுபடி வளர்த்து உலகமெங்கும் ஆய்வுகூடங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"அந்த ஆள்?" என்று பாக்கியம் கேட்டாள்.

"அவர் இப்ப இல்லை அம்மா. அவரின்ர செல்கள்தான் இருக்கு."

பாக்கியம் குப்பியைப் பார்த்துக் கைகூப்பினாள். கௌரி சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

அவள் விளக்கியது இது. இந்தச் செல்கள் ஆண் ஹோர்மோன் கிடைத்தால்தான் அந்தப் புரதத்தை, அதாவது நம்பரை உண்டாக்குகிற புரதத்தை, நன்றாகச் செய்யும். ஹோர்மோன் என்றால் உடம்பு தனக்குத்தானே அனுப்புகிற கட்டளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு மீசை, குரல், அந்த ஆசை எல்லாம் அந்தக் கட்டளையால்தான். ஒரு பொடி அந்தக் கட்டளையைக் கெடுத்தால் செல் புரதம் செய்வதைக் குறைக்கும். ஆகவே பொடியின் சாற்றைச் சில குப்பிகளுக்கு விட்டு, சிலவற்றுக்கு விடாமல், செல்கள் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எவ்வளவு புரதம் செய்கின்றன என்று இரண்டையும் எண்ணுவாள்.

"குப்பிக்குள்ள நடக்கிறது எல்லாம் மனுசருக்குள்ள நடக்கும் எண்டு இல்லை ஐயா" என்றும் சொன்னாள். "வயித்துக்கால, ஈரலுக்கால போய்த்தான் மருந்து அங்க போகும். குப்பிக்கு வயிறு இல்லை. ஆனா ஒரு துப்புக் கிடைக்கும்."

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. என் பொடி அந்தச் செல்களை ஒன்றுமே செய்யவில்லை.

ஒன்றுமே இல்லை! விட்ட குப்பியும் விடாத குப்பியும் ஒரே மாதிரி. எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் டொக்டரின் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் முதலாளி, உங்கள் நம்பர் இறங்கினது பொடியால் இல்லைப்போல. முதலில் கிருமித்தொற்றாலோ வீக்கத்தாலோ கூடியிருக்கலாம். ஊசியைத் தள்ளிப்போடுவோம். ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம்."

ஊசி இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இங்கேதான் என் பிழையைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். யாராவது மாதிரி கேட்டால், சாக்குக்குள் இருப்பதை அப்படியே அள்ளிக் கொடுக்கமாட்டோம். பொறுக்கி, புடைத்து, முதல் தரத்தில் ஒரு பிடி எடுத்துக் கொடுப்போம். வாங்குகிறவனுக்கும் அது தெரியும். அவனும் அதற்கேற்றபடி பேரம் பேசுவான். யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை, தொழிலின் நடைமுறை அது. ஆய்வுகூடம் மாதிரி கேட்டபோது என் கை தானாகவே பழகின வேலையைச் செய்தது. அலுமாரியில் மிச்சமிருந்த உண்மையான வேரை எடுத்தேன். ஏழு சாமானையும் புதிதாகப் பொறுக்கி, நானே இடித்து, துணியில் சலித்து, கண்ணாடிப் போத்தலில் கொண்டுபோனேன். டின்னில் வந்த சத்துப்பொடியை அதில் சேர்க்கவில்லை. என் பெயரில் ஆய்வுகூடத்துக்குப் போகிற பொடியில் கொழும்புக்காரனின் டின் எதற்கு?

ஆக, கௌரி ஆறு வாரம் சோதித்தது நான் ஒரு நாளும் குடிக்காத பொடி.

அது எனக்கு முடிவு வந்த அன்றே மண்டையில் உறைத்தது. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஊசி. சொன்னால் மாதிரியை மாற்றினவன் என்ற பெயர். 'ஆறு மாதம்தானே' என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன்.

இன்னொன்றையும் ஒளித்தேன். சில வாரங்களாக இரண்டு பக்க மார்பும் வலித்தது. சட்டை உரசினாலே கூசும். காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. ஆண்பிள்ளை இதை யாரிடம் சொல்வது? கட்டில் விஷயத்திலும் நான் சாமியார் ஆகிவிட்டேன். வயது என்று நினைத்தேன்.

பாக்கியம் அப்படி நினைக்கவில்லை. முடிவு வந்த மூன்றாம் நாள் காலையில், சமையலறையில் நான் குடிக்கிற பொடி வைத்திருந்த டின்னைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். பாக்கியத்தையும் காணவில்லை. மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் டின்னைச் சுற்றிக்கொண்டு போன துவாய் மட்டும்.

"எங்க போன?"

"அந்தப் புள்ளைகிட்ட. நீங்க நெசமா குடிக்கிறத கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தேன். கரண்டியோட."

"யார கேட்டு குடுத்த?"

"நாப்பத்திரண்டு வருசமா ஒங்க சட்டைய தோய்க்கிறவ நானு. பனியன கழட்டும்போது மொகம் சுளிக்கிறத பாக்கலன்னு நெனச்சீங்களா? வயசுக்கு வந்த புள்ள மாதிரி நெஞ்ச பொத்திக்கிட்டு திரியிறீங்க. ஒங்க கௌரவத்த வச்சி நான் என்னாங்க செய்யிறது? நீங்க வேணும்."

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய், கடைக்குப் போகாமல் குளத்தைச் சுற்றி நடந்தேன்.

இந்த முறை கௌரி இரண்டு வேலை செய்தாள். ஒன்று, பழைய சோதனை. இன்னொன்று, பெண் ஹோர்மோன் பட்டால் வெளிச்சம் விடுகிற மாதிரிச் செய்து வைத்திருக்கிற வேறு வகைச் செல்கள். அவற்றுக்கும் என் டின்னின் சாற்றை விட்டாள். அதோடு டின்னில் கொஞ்சத்தை இரசாயனப் பரிசோதனைக்கும் அனுப்பினாள். முடிவைச் சொல்ல டொக்டரும் அவளும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்தவுடனேயே விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, வெளிச்சம் விடுற செல்கள் எல்லாம் பத்தி எரியிறமாதிரி எரிஞ்சது" என்றாள் கௌரி. "உங்கட டின்னுக்குள்ள தொழிற்சாலையில செய்யிற பெண் ஹோர்மோன் கலந்திருக்கு. அது ஆம்பிளையின்ர உடம்புக்குள்ள போனா, மூளை ஆண் ஹோர்மோனைச் செய்யிறதை நிப்பாட்டச் சொல்லும். அதாலதான் உங்களுக்கு மார்பு வீங்கினது."

"புற்றுநோய்ச் செல்கள்?" என்று சுமதி கேட்டாள். "செத்துச்சா?"

கௌரி என்னைப் பார்த்துச் சொன்னாள். "பெருசாக் குறையேல்லை. கொஞ்சம் மெதுவாகினது, அவ்வளவுதான். செல்லுக்குள்ளயும் அந்தக் கட்டளை கெட்டு, புரதம் செய்யிறதை மட்டும் நிப்பாட்டிட்டுது. அவையள் உள்ளுக்கத்தான் இருக்கினம் ஐயா. சத்தம் போடாம இருக்கினம்."

நான் எத்தனையோ பேரை நேருக்கு நேர் பார்த்து விலை பேசியவன். அந்தப் பிள்ளையை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மாதிரி விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், அலுமாரி வேர், கண்ணாடிப் போத்தல், துணியில் சலித்தது வரை.

"என் மூக்குக்குத் தெரியலியே மகள்" என்றேன் கடைசியில்.

"ஹோர்மோனுக்கு மணம் இல்லை ஐயா" என்றாள். "என்ர மூக்குக்கும் தெரியாது. அதுக்குத்தான் செல்கள்."

பொடியை நிறுத்தினேன். கொழும்பில் வாங்கின டின்களை எல்லாம் எடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தோம், அது வேறு கதை, இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. ஐந்து வாரத்தில் என் நம்பர் பதினாறு. ஏறின நம்பரைப் பார்த்து டொக்டர் தலையாட்டினார், "இதுதான் உங்கள் உண்மையான நம்பர், முதலாளி" என்று.

மற்றப் பதினான்கு பேருக்கும் நானே தொலைபேசியில் சொன்னேன். சுமதி எடுக்கட்டுமா என்று கேட்டாள், விடவில்லை. விற்ற வாய்தானே சொல்ல வேண்டும். திட்டினவர்கள் திட்டினார்கள். ஒருவர் அழுதார். பதின்மூன்று பேர் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போக ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர் ஹனீபா நானா.

"மொதலாளி, என்ட நம்பர் ஒன்பதில இருந்து ஒண்டுக்கு வந்தீக்கி. நீங்க ஒங்கட டின்னு கூடாதுண்டு செல்றீங்க. எனக்குத் தந்தது நல்லதா இருக்கும். ஊசி போடச் செல்லி டொக்டர்மார் ஒங்கள பயங்காட்டி ஈக்கிறாங்க."

"நானா, எல்லாருக்கும் கலந்தது ஒரே கொழும்பு டின்னு."

"ஒங்கட கைராசி ஒங்களுக்கே தெரியாது" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை.

ஊசிக்குப் போனேன். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை என்று உங்களுக்காக எழுதுகிறேன். விறைக்கச் செய்துவிட்டுத்தான் செய்வார்கள். கடதாசிக்குக் கம்பி அடிக்கிற மெஷின் போல 'டக்' என்று ஒரு சத்தம். பன்னிரண்டு டக். மூன்று நாள் சிறுநீரில் இரத்தம் வந்தது, பிறகு தெளிந்தது. முடிவுக்காகக் காத்திருந்த இரண்டு வாரம்தான் பொல்லாதது. சாப்பாடு இறங்கவில்லை. பாக்கியம் தினமும் எனக்குப் பிடித்த சோறு கறியைச் செய்து, நான் சாப்பிடாததைத் தானும் சாப்பிடாமல் மூடி வைத்தாள். சுமதி தன் விடுமுறையை எல்லாம் எனக்காகச் செலவழித்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு வரிசை நீளம் என்று, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியில் பணம் கட்டி எடுப்பித்தாள். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பன்னிரண்டு துண்டில் ஐந்தில் புற்றுநோய். நடுத்தரமான வேகத்தில் வளர்கிற வகை. சுமதி எடுப்பித்த எலும்பு ஸ்கேனையும் பார்த்தார்கள். வெளியே பரவவில்லை, சுரப்பிக்குள்ளேயே நிற்கிறது என்றார்கள்.

"அப்படியே ஆறு மாதம் விட்டிருந்தால்?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார் டொக்டர். "தெரியாமல் இருப்பதே நல்லது. உங்கள் மனைவியிடம் நன்றி சொல்லுங்கள்."

நான் பாக்கியத்திடம் நன்றி சொன்னதே இல்லை. அன்றைக்கும் வாயில் வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்குப் பிடித்த ஜிலேபி வாங்கினேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரிங்க" என்றாள்.

சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது உடம்பில் மூன்று குழாய். சிறுநீருக்கு ஒரு குழாய் வைத்து, அதைக் கட்டிலின் பக்கத்தில் ஒரு பையில் விட்டிருந்தார்கள். இரண்டு வாரம் அந்தப் பையோடுதான் வாழ்க்கை. எழுந்து நடக்கும்போது அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், எல்லோருக்கும் தெரியும். பாக்கியம் வீட்டு ஜன்னல் திரையில் மிஞ்சின பூப்போட்ட துணியில் அதற்கு ஓர் உறை தைத்துக் கொண்டுவந்தாள், தோளில் மாட்டப் பட்டியும் வைத்து. வார்ட்டில் மற்ற இரண்டு நோயாளிகள் தங்களுக்கும் கேட்டார்கள். அடுத்த நாள் அவர்களுக்கும் வந்தது. பூப்போட்ட பையோடு மூன்று கிழவர்கள் வராந்தாவில் நடந்ததைப் பார்த்து நர்ஸ் மிஸ், "மாமாமார் ஷொப்பிங் போறாங்களா?" என்று கேட்டார்.

குழாயை எடுத்த பிறகு சில காலம் சிறுநீர் தன்னால் கசியும், இடுப்புத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சி செய்தால் நிற்கும் என்று சொல்லித் தந்தார்கள். நான் இன்றைக்கும் கல்லாவில் இருந்துகொண்டே செய்கிறேன். யாருக்கும் தெரியாது. நீங்களும் செய்யலாம்.

நான்காம் நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், ஹனீபா நானா வந்தார். கையில் ஒரு பை திராட்சை. கொஞ்ச நேரம் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"கேள்விப்பட்டேன்" என்றார். "ஒங்களுக்கு அந்த நோய் உள்ளதாமே."

"இருந்துச்சு. எடுத்துட்டாங்க. இருங்க நானா."

உட்கார்ந்தார். பூப்போட்ட பையைப் பார்த்தார். குழாய் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நானா, ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க. நெஞ்சு வலிக்குதா?"

அவர் கை தானாகப் போய்ச் சட்டைப் பொத்தானில் நின்றது.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் ஈக்கும்." பிறகு சட்டென்று குரலை உயர்த்தினார். "அதுக்கு? நம்பர் ஒண்டு! ஒண்டு மொதலாளி! ஒங்கட பொடியப் போல ஒரு பொடி இந்தக் கண்டியிலேயே இல்ல. நீங்கதானே செல்லுவீங்க? ஐம்பத்து நாலு வருசத்து அனுபவம், கண்ணக் கட்டினாலும் மூக்குச் செல்லும்ண்டு செல்லுவீங்களே!"

என் வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தார் மனிதர். என் பொடியை என்னை எதிர்த்தே காப்பாற்றினார். விற்கும்போது நான் எவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் கேட்டேன்.

அந்த நேரம் டொக்டர், சத்திரசிகிச்சை அறையிலிருந்து வந்த உடுப்போடு, என்னைப் பார்க்க வந்தார். காயத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், நல்லது என்றார். போகத் திரும்பினவரை நான் நிறுத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களைப் பார்க்க வந்த சனம், என் மகள், என் மனைவி, எல்லோரும் இருந்தார்கள்.

"டொக்டர், இவர் ஹனீபா நானா. கிளினிக்கில் என் பக்கத்தில் இருந்தவர். ஒன்பதாக இருந்த நம்பர் இப்போது ஒன்று. மார்பும் வலிக்கிறது. இவருக்குப் பொடி கொடுத்தது நான்தான். அது கெட்ட பொடி. என் மூக்குக்கு அது தெரியவில்லை. தெரியும் என்று சொல்லி நான்தான் விற்றேன்."

இதை உரத்துத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வார்ட்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியம் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தாள், அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

ஹனீபா நானா எழுந்தார். தன் தோள் பைக்குள் கையை விட்டு, பாதி தீர்ந்த பொடிப் பொட்டலத்தை எடுத்து டொக்டரின் கையில் கொடுத்தார்.

"டொக்டர்" என்றார், "இந்த மனுசன எனக்கு முப்பது வருசமாத் தெரியும். ஒரு நாளும், ஒரு நாளும் தன்ட சாமான் கூடாதுண்டு செல்லி நான் கேட்டதில்ல. இப்ப செல்றார். அப்பிடி எண்டா உண்மையாத்தான் ஈக்கணும்." சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். "இரத்தம் எங்க குடுக்கணும்?"